ஓயாத சனிக்கிழமை

செத்துப்போன ஜெபராஜின் நினைவு நகல் அவர் வேலை பார்த்த கம்பெனியின் சர்வருக்குள் இன்னும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த மனைவி புஷ்பலீலாவிடம் திரைக்குள்ளிருந்து உற்சாகமாகச் சொன்னார்: “நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா? கோயிலுக்குப் போயிட்டு வரும்போது கறி எடுத்திருவோம். எலும்போட கேளு.”

போன தடவையும் இதையேதான் சொன்னார். வெளியே இன்று புதன்கிழமை.

“இவருக்கு மட்டும் ஏன் எப்பவும் சனிக்கிழமை?” என்று பக்கத்தில் நின்ற மேலாளரிடம் கேட்டாள்.

“தினமும் காலையில அவரு கடிகாரத்தைச் சனிக்கிழமைக்குத் திருப்பிருவோம்மா,” என்றார் மேலாளர் பெருமையாக. “மறுநாள் லீவுன்னா மனுஷன் பறந்து பறந்து வேலை பாக்காரு.”

அழுகின கறியை மோந்தாற்போல் புஷ்பலீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூவென்று துப்ப வாயெடுத்தவளுக்கு மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சாருக்குத் துணையா உங்களையும் நகல் எடுத்திரலாம்மா. உங்களுக்கு எந்தக் கிழமை பிடிக்கும்?”