கடைசியாக இறங்கும் பிள்ளை

"நீங்க டீச்சர். அக்கா, நீங்கதான் பிள்ளை," என்றார் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி நடிப்பு வழியாகப் பயிற்சி கொடுக்க வந்திருந்த கமலாம்பிகை.

டத்தோ கிராமாட் தேவாலய மண்டபத்தில் பாலர் பள்ளி ஆசிரியைகள் பதினான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு குட்டி நாற்காலிகள். ஒன்றில் நான். எதிரே, என் பள்ளியில் கூட்டித் துடைத்து, பிள்ளைகளுக்குக் குடிக்க மைலோ கலக்கும் ரீத்தா அக்கா. ஆள் குறைகிறது என்று அவரை இழுத்து வந்தது நான்தான்.

ஐம்பது வயது உடம்பு அந்த நாற்காலியில் பிதுங்கியது. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிள்ளை என்ன பேச வேண்டும் என்பது ஓர் அட்டையில் எழுதியிருந்தது. அக்கா அதைப் படிக்காமலே மடியில் கவிழ்த்து வைத்தார். முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்தார்.

என் சிரிப்பு நின்றது. என் பள்ளியில் உடுப்பு நுனியை அப்படிக் கடிக்கிற பிள்ளை ஒன்றுதான். பாயான் பாருவிலிருந்து வரும் ஜெசிந்தா. ஐந்து வயது.

"டீச்சர், நான் வேன்ல கடைசியா இறங்க மாட்டேன்," என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அப்போது அக்கா பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வீடுதான் எல்லாவற்றிலும் தூரம். மற்ற பிள்ளைகள் இறங்கிய பிறகு வேனில் அவளும் ஓட்டுகிறவரும் மட்டும்தான். அந்த வரிசையைப் போட்டதும் நான்தான்.

ஏன் என்று கேட்கும்படி கமலாம்பிகை கை காட்டினார்.

செவ்வாய்க்கிழமை நான் அதைக் கேட்கவில்லை. அடம் பிடிக்காதே என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி வேனில் ஏற்றிவிட்டேன். புதன், வியாழன், வெள்ளியும் ஏற்றினேன்.

இப்போது கேட்டேன்.

"எல்லாரும் இறங்கினதும் அங்கிள் என்னை முன்னால வந்து உக்காரச் சொல்றாரு. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம்."

"நல்லா நடிக்கிறாங்க லா!" என்று யாரோ கை தட்டினார்கள்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார். நான் கேட்காததை அவர் ஜெசிந்தாவிடம் கேட்டிருக்கிறார். நான் கொடுக்கிற சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. தனியாக வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், வெட்கமாக இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வேன் மறுபடியும் ஓடும். ஜெசிந்தா மறுபடியும் கடைசியாக இறங்குவாள்.

சிரித்து மழுப்பிவிட்டு எழுந்துகொள்ளலாம். அடுத்த இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

நான் எழுந்து கமலாம்பிகையின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனேன்.

"இது நடிப்பு இல்ல மேடம்."

அவர் பேனாவை எடுத்தார். பிள்ளையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். வேன் ஓட்டுகிறவரின் பெயரைக் கேட்டார்.

வெளியே ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

"பெர்னார்ட்," என்றேன். "என் வீட்டுக்காரரு. இப்ப ஹாரன் அடிக்கிறது அவர்தான்."