சாம்பிள்

மூன்று மாதமாகியும் வாட்ச்மேன் சாகவில்லை.

மாமனார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். சாவது இருக்கட்டும், ஆள் இருமக்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டைத் திறப்பதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கியவர், இப்போது வாசலை விறுவிறுவென்று பெருக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பளபளப்பு வேறு.

நோட்டை எடுத்து எழுதினார்: 'தொண்ணூறாம் நாள். சாம்பிள் நலம்.'

முப்பத்தாறு வருஷம் இரும்பு ஆலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். சாம்பிள் பார்க்காமல் ஓர் ஆணியைக்கூட உள்ளே விட்டதில்லை. வேலை ஓய்ந்தும் அந்தப் புத்தி ஓயவில்லை. புதுக் காபித்தூள் வாங்கினால்கூட முதல் டம்ளர் எதிர் ஃப்ளாட்காரருக்குத்தான். மறுநாள் அவர் நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் இந்த வீட்டில் அந்தத் தூள் கொதிக்கும்.

அப்படிப்பட்டவரிடம் மருமகள் திடீரென்று தினமும் ஒரு டப்பாவை நீட்ட ஆரம்பித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர்.

"மாதுளை, கறுப்பு திராட்சை, பீட்ரூட், ஆப்பிள் எல்லாம் போட்டிருக்கேன் மாமா. ஆன்டி-ஆக்ஸிடன்ட் ஜாஸ்தி. வயசாக ஆக உடம்புக்குள்ள துருப்பிடிக்கற மாதிரி ஒண்ணு நடக்கும். அதை இது கொஞ்சம் தடுத்து நிறுத்தும்."

"துருவைப் பத்தி எனக்கே பாடமா?"

"முழுசையும் நீங்களே சாப்பிடுங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க மாமா."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவருக்கு உதைத்தது. யாருக்கும் கொடுக்கக் கூடாதாம். ஏனாம்?

டப்பாவைத் திறந்தால் சந்தேகம் இன்னும் பெருத்தது. வெட்டி நாலு மணி நேரமான ஆப்பிள் கறுக்கவே இல்லை. கேட்டதற்கு, "எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டேன் மாமா, அதுவும் ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான்" என்று தயாராகப் பதில் வைத்திருந்தாள். போதாததற்கு பீட்ரூட்டைக் கூழாக மசித்திருந்தாள், ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவியிருந்தாள். முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருக்கும் மனிதனுக்கு எதற்கு இந்த மசியல்? உள்ளே எதையாவது கலந்தால் தெரியக் கூடாது என்றுதானே?

கலப்பதற்கு அவளுக்குக் காரணமும் இருந்தது. மகன் காதலித்த பெண்ணை ஏற்றுக்கொண்டபோது இவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஏழைப்பட்ட அந்தப் பெண் வீட்டார் யாரும் தன் வாசப்படியை மிதிக்கக் கூடாது. அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துவிட்டார். மருமகள் அன்றைக்குத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மனசுக்குள் எவ்வளவு வைத்திருக்கிறாளோ!

ஆகவே டப்பா தினமும் பதினோரு மணிக்குக் கேட்டுக்குப் போனது.

"இந்தாய்யா, என் எதிர்லயே சாப்பிடு."

வாட்ச்மேன் பொக்கை வாயைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு வாங்கிச் சாப்பிடுவார். இவர் காலி டப்பாவுக்காகக் காத்து நிற்பார்.

"தலை சுத்துதா? கண்ணு இருட்டுதா?"

"இல்லீங்கய்யா. நேத்து மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏறினேன்."

இன்று அதைக் கேட்டதும் இவருக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. கீழே இருப்பவனுக்கு வயசு இறங்குகிறது, மேலே இருப்பவனுக்கு ஏறுகிறதே! டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த மாதுளை முத்து ஒன்றைத் துணிந்து வாயில் போட்டார். தித்தித்தது.

மாலையில் மருமகள் வந்ததும் சொல்லிவிட்டார். "உன் டப்பா பரவாயில்லம்மா. நாளைலேருந்து ஒரு துண்டு விடாம நானே சாப்பிடப் போறேன்."

மருமகள் முகம் வெளுத்தது. பரிசோதகர் கண்ணுக்கு அது தப்புமா?

"என்னம்மா, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான் மாமா." கைப்பையை மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "நாளைலேருந்து புதுசா ஒரு பொடியும் சேர்க்கலாம்னு இருக்கேன்."

"என்ன பொடி?"

"பேரு வாயில நுழையாது. லேசா கசக்கும். ஆனா யாருக்கும் குடுத்துடாதீங்க மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் பழத்தைக் காட்டி நம்பவைத்துவிட்டு, இப்போதுதான் காரியத்தில் இறங்குகிறாள்! நல்லவேளை, வாய் தப்பியது. நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி எழுதினார்: 'முதல் நாள்.'

மறுநாள் பதினோரு மணிக்கு டப்பா கேட்டுக்குப் போனது.

மாலையில் மருமகளின் ஸ்கூட்டர் வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். பால்கனியில் யாரும் இல்லை என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கும் வந்துச்சும்மா. ஆனா அடுத்தவங்க பங்கைச் சாப்பிடறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கு."

ஹெல்மெட்டைக் கழற்றியபடி, அவர் பக்கம் திரும்பாமலேயே அவள் சொன்னாள்:

"சம்பந்தி கையாலயே வருது, அப்புறம் என்னப்பா கூச்சம்?"