விழத் தெரிந்தவன்

அவன் வீசிய முஷ்டி தங்கை புருஷனின் மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது.

அவன் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை தாடைக்கு. மாப்பிள்ளையின் கன்னத்தில் காற்று பட்டிருக்கும். கை படவில்லை.

சினிமாவில் இருபது வருடமாக அடியாள். கதாநாயகனின் முகத்தை நோக்கி முழு வேகத்தில் கையை வீச வேண்டும். தோலைத் தொடாமல் நிறுத்தவும் வேண்டும். தப்பித்தவறி நகம் பட்டால் அதோடு சரி, அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பயம் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. இது நிஜமான வீடு, நிஜமான கோபம் என்று கைக்கு யார் போய்ச் சொல்வது?

சுவரோரம் தங்கை மேகலா உட்கார்ந்திருந்தாள். கீழுதடு கிழிந்து ரத்தம் முகவாய் வரை வழிந்திருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். போனில் "வாண்ணா" என்று மட்டும்தான் சொன்னாள். செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே காவல் அவன் முகம்தான். அம்மைத் தழும்பும் முரட்டு மீசையும் எந்நேரமும் சிவந்த கண்ணும். தெருக் குழந்தைகள் அவனைக் கண்டால் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொள்ளும். மாப்பிள்ளை கையை ஓங்கும்போதெல்லாம் "எங்கண்ணன்கிட்ட சொல்லிடுவேன்" என்பாள். ஓங்கிய கையை அவன் மடக்கிக்கொள்வான்.

இன்று மடக்கவில்லை.

அவனும் தன்னுடைய அந்த முகத்தை நம்பித்தான் இருந்தான். உள்ளே ஒரு ரவுடி தூங்குகிறான், வேளை வந்தால் எழுந்து வருவான் என்று. இப்போது கூப்பிட்டுப் பார்த்தான்.

உள்ளே யாரும் இல்லை.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை இறுக மூடியிருந்த கண்களைத் திறந்தான். மூக்கைத் தடவிப் பார்த்தான். விரலில் ரத்தம் இல்லை.

சிரித்தான்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவாடி சொன்னாங்க?" என்றான் மேகலாவிடம். "பாரு உங்கண்ணன. நல்லாப் பாத்துக்க."

சாயம் வெளுத்துவிட்டது. இனிமேல் அவள் யார் பேரைச் சொல்லி மிரட்டுவாள்?

மாப்பிள்ளை அடித்தான். பாதியில் நிறுத்தும் வித்தையெல்லாம் அவனுக்குத் தெரியாது. முஷ்டி நேராகக் கன்ன எலும்பில் இறங்கியது.

அவன் உடம்பு அரைச் சுற்றுச் சுற்றியது. தோளை முன்னே கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு விழுந்தான். அழகாகத்தான் விழுந்தான்.

விழுந்தவன் அசையாமல் கிடந்தான்.

அடியாள் விழுந்தால் எழக் கூடாது. அதுவும் தொழில்தான். அவனும் எழுந்துவிட்டால் அப்புறம் கதாநாயகனுக்கு என்ன மரியாதை?

தரையில் கிடந்தபடி பார்த்தான். மாப்பிள்ளையின் கால்கள் அவனைத் தாண்டிச் சுவரை நோக்கிப் போயின. மேகலாவின் தலைமுடி அவன் கைப்பிடிக்குள் சுருண்டது.

"இனிமே எவனக் கூப்புடுவ? சொல்லு, எவனக் கூப்புடுவ?"

அவள் கத்தவில்லை. அண்ணன் கிடந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எழுந்தான்.

மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தான். அடிக்க வராத கைக்குப் பிடிக்க வந்தது. தலைமுடி விடுபட்டதும் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

"உள்ள தூங்கற பாப்பாவத் தூக்கிக்கினு கெளம்பு. அம்மா வூட்டுக்குப் போ."

"அண்ணா..."

"போம்மா. நா பாத்துக்கறேன்."

வயிற்றில் ஒரு குத்து. விழுந்தான். எழுந்தான். மேகலா தாண்டிப் போன அறைவாசலை மறித்து நின்றான்.

அடுத்தது வாயில். ஒரு பல் கழன்று நாக்கில் உட்கார்ந்தது. துப்பிவிட்டு எழுந்தான்.

சினிமாவில் அடி பொய். விழுவது பொய்யில்லை. கண்ணாடி மேலும் மாடிப்படியிலும் விழுந்து விழுந்து காய்த்த உடம்பு அது. ஆனாலும் வலித்தது. ஐயோ என்று கத்த வேண்டும் போல வலித்தது. கத்தினால் மேகலா திரும்பி வந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டான், மீதி இருந்ததை.

முதுகுக்குப் பின்னால் அவள் கொலுசுச் சத்தம் உள்ளறைக்குப் போய்த் திரும்பியது. குழந்தை சிணுங்கியது. மாப்பிள்ளை அவனை ஒதுக்கித் தள்ளப் பார்த்தான். அவன் நகரவில்லை. ஆத்திரத்தில் மாப்பிள்ளை நாற்காலியைத் தூக்கி அடித்தான். நாற்காலிதான் உடைந்தது.

வெளியே எதிர்வீட்டு அம்மா "ஏறு, ஏறு, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவது கேட்டது. ஆட்டோ கிளம்பிப் போனது.

மாப்பிள்ளை கையை உதறினான். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. மூச்சு இரைத்தது. மறுபடி அடித்தான், பழைய வேகம் இல்லை. அவன் விழுந்தான். எழுந்தான். இன்னொன்று. விழுந்தான்.

இனி விழுந்தே கிடக்கலாம். அவள் போய்விட்டாள். வந்த வேலை முடிந்தது.

ஒரு கண்தான் திறந்தது. அந்தக் கண்ணால் பார்த்தான். அடித்தவன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"எந்திரிக்காத மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "அப்படியே படுத்துக்க. சொன்னாக் கேளு."

அவன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினான்.