டிரம் வண்டி

“ஏம்மா, இது வண்டியா, இல்ல பழைய இரும்புக் கடைக்குச் சக்கரம் முளைச்சு நடந்து வருதா?”

கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இப்படிக் கேட்ட முதலாளி, தானே முதலில் சிரித்தார். பக்கத்தில் நின்ற மச்சினன், வாங்குகிற சம்பளத்துக்குக் கொஞ்சம் சிரித்து வைத்தான்.

அவள் தன் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினாள். ஒரு நீல டிரம், குழந்தை வண்டியிலிருந்து கழற்றிய சக்கரங்கள், பழைய பேட்டரி, சின்ன பம்பு. எல்லாம் அவளே பூட்டியது. போன மாதம்வரை முதலாளியிடம் வாளி தூக்கிக் கண்ணாடி துடைத்தவள். “இனிமே தனியா செஞ்சு பார்க்கறேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

“நம்ம வண்டியைப் பாரு,” என்று தன்னுடையதைத் தட்டிக் காட்டினார். “மடக்கினா பெட்டி, விரிச்சா வண்டி. கடையில இருந்ததுலயே ஒசத்தி. உன்னோடதை மடக்கவும் முடியாது, கண்கொண்டு பார்க்கவும் முடியாது!”

“தொட்டிதான் சின்னது அத்தான்,” என்றான் மச்சினன். “வாங்கும்போதே சொன்னேன்...”

“உன் பேச்சைக் கேட்டா நான் உருப்பட்ட மாதிரிதான். போய் வேனை ஓரமா நிறுத்து, போ.”

முதலாளிக்கு வாய்தான் பெரிது, பிழைப்பு அப்படியில்லை. வாடிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. இந்த ஆஸ்பத்திரியும் போனால் கையில் மிஞ்சுவது நாலு கடைக் கண்ணாடிதான். அந்த நேரம் பார்த்து மேனேஜர் புதிதாக ஒரு போட்டி வைத்துவிட்டார். முன்பக்கக் கண்ணாடிகளை முதலாளி கழுவ வேண்டும், பின்பக்கத்தை அவள் கழுவ வேண்டும். எது சுத்தமோ அவர்களுக்கே வருஷம் முழுக்க வேலை.

“தோத்துட்டா கூச்சப்படாம வந்துடு,” என்றார் முதலாளி. “உன் வாளி வச்ச இடத்துலயேதான் இருக்கு.”

“சரிண்ணே,” என்றாள் அவள். மேனேஜரைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

சரிண்ணேயாம், சரிண்ணே! எதிர்த்துப் பேசினாலாவது நாலு வார்த்தை சேர்த்துத் திட்டலாம். இப்படி அடக்கமாகப் போகிறவளை என்ன செய்வது? முதலாளிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் புத்தி கோணலாகப் போயிற்று.

இந்த வேலைக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. உப்பு நீக்கிய தண்ணீரைத்தான் வண்டியில் நிரப்பி, நீளக் கம்பின் நுனியிலுள்ள பிரஷ் வழியாக மாடிக் கண்ணாடியில் அடிக்க வேண்டும். துடைக்கவே வேண்டாம், தானாகக் காய்ந்து பளிச்சென்று ஆகிவிடும். குழாய்த் தண்ணீரை அடித்து அப்படியே காயவிட்டால், மறுநாள் கண்ணாடி முழுக்க உப்பு வெள்ளைப் புள்ளியாகப் பூத்துவிடும்.

முதலாளி அக்கம்பக்கம் பார்த்தார். அவளுடைய டிரம்மைத் திறந்து பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டார். தோட்டக் குழாயை இழுத்து வந்து மீதியை நிரப்பி, மூடியைத் திருகி, ஒன்றும் தெரியாத அப்பாவி போல் கையைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினன் வந்ததும், “நீயே பார்த்துக்கடா மாப்ளே. இதுக்கெல்லாம் நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். போனை அணைத்து வைத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் காலை மேனேஜரே கூப்பிட்டார்.

“ஒரு பக்கம் கண்ணாடி இருக்கறதே தெரியல, அவ்வளவு சுத்தம். இன்னொரு பக்கம் ஒரே புள்ளி. நோயாளிங்க எல்லாம் நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு பயந்துபோய் இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. வாங்க இங்க!”

முதலாளி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மச்சினனையும் கூட அழைத்துக்கொண்டு, பக்கவாட்டு வாசல் வழியாக நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

“அந்தப் பொண்ணை மன்னிச்சு விட்டுடுங்க சார்,” என்று உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். “டிரம்முக்குச் சக்கரம் மாட்டிட்டா தொழில் வந்துடுமா? புள்ளி எதனால விழுதுன்னு கேட்டா முழிப்பா. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நானே கூப்பிட்டு வாளியைக் கொடுத்துடறேன்.”

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவங்களை எதுக்கு மன்னிக்கணும்? வருஷம் பூரா இனிமே அவங்கதான் கழுவப் போறாங்க. புள்ளி உங்க பக்கத்துல!”

முதலாளி வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். மேல் வரிசையைத் தவிர முன்பக்கக் கண்ணாடி அத்தனையும் அம்மை போட்ட முகமாக நின்றது.

“டேய்! என்னடா செஞ்சு தொலைச்ச?”

“நான் என்ன செய்ய அத்தான்? நம்ம தொட்டி ஒரு வரிசைக்கே காலி. உங்களுக்கு எத்தனை தடவை போன் போட்டேன்! அப்புறம்தான் அவங்ககிட்ட தண்ணி கேட்டேன். அவங்க டிரம் தொடாம அப்படியே நின்னுச்சு. அவங்க ஏணி போட்டு, வாளித் தண்ணியால ஒவ்வொரு கண்ணாடியா கழுவி, ரப்பரால வழிச்சுத் துணியால துடைச்சுட்டு இருந்தாங்க.”

“டிரம் நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டு எவளாவது ஏணி ஏறுவாளாடா?”

“நேத்து வேலையை ஆரம்பிக்கும்போதே உப்பு பார்க்கற மீட்டரை டிரம்முக்குள்ள விட்டுப் பார்த்தாங்க அத்தான். நான் கேட்டதும் பக்கத்துல கிடந்த தோட்டக் குழாயை ஒரு பார்வை பார்த்துட்டு, ‘இது உங்க அத்தானோட தண்ணிதான் தம்பி, ஒரு சொட்டு விடாம எடுத்துட்டுப் போ’ன்னு சொன்னாங்க.”