ஈரம் காய்ந்த விதம்

உறைந்த ஏரியில் இருநூறு கிலோமீட்டர் மாரத்தான் சறுக்கி முதலாவதாக வந்த ஐஸ் ஸ்கேட்டிங் ஷூ, மறுநாள் காலை தொப்பலாக நனைந்தபடி வாசல் அலமாரியில் கிடந்தது. அதன் கண்ணெல்லாம் பேப்பர் மேல்தான். வீட்டுக்காரம்மா விளையாட்டுப் பக்கத்தை விரித்தார். அதே அலமாரியில் இருக்கும் ஃபுட்பால் ஷூவின் படம், அரைப் பக்கத்துக்கு! ஏரியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"நீ நேத்து மைதானத்திலேயே இறங்கலையேடா?" என்று கேட்டது ஸ்கேட்டிங் ஷூ.

"இறங்கலைதான் அக்கா. பெஞ்சுல சும்மா இருந்தேன். லேஸ் அவிழ்ந்து தொங்கினது அழகா இருந்துச்சாம், படம் பிடிச்சுட்டாங்க" என்றது ஃபுட்பால் ஷூ, கூச்சமே இல்லாமல்.

"லேஸுக்கு அரைப் பக்கமா!"

அதற்குள் வீட்டுக்காரம்மா ஈர ஷூவைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கத்தையே கிழித்துக் கசக்கி, அதன் வயிற்றுக்குள் திணித்தார். ஃபுட்பால் ஷூவின் படம் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஸ்கேட்டிங் ஷூவுக்கு வயிறு எரிந்தது. அப்படி எரிந்தது.

காபி குடித்துவிட்டு வந்தவர், உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை.

"அடேயப்பா!" என்று வியந்தார். "இந்தப் பேப்பருக்குத்தான் என்ன சக்தி!"