கேத்ரினுக்கு ஒரு வாய்

"மூண்டு நாளாச்சு. கேத்ரின் ஒரு வாய் சாப்பிடேல்லை," என்றார் சச்சிதானந்தன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரின் குரல்.

"உங்கட முகத்தைப் பாத்தா ஆருக்குப் பசிக்கும்?" என்று குசினிக்குள் இருந்து மனைவி வைதேகி கேட்டாள்.

கேத்ரின் ஒரு குச்சிப்பூச்சி. காய்ந்த சுள்ளிக்குக் கால் முளைத்தாற்போல ஒரு சாண் நீளம். மகள் யாமினி படிப்பிக்கும் வகுப்புப் பிள்ளைகள் வளர்ப்பது. பெயர் வைத்ததும் அவர்கள்தான். குளிர்கால விடுமுறைக்கு மெல்பேர்ன் போன யாமினி, அதை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தாள்.

போன விடுமுறையில் வகுப்புத் தங்கமீன் இதே அப்பாவின் பொறுப்பில்தான் உயிரை விட்டது. "இதுவும் செத்தா அந்தப் பிள்ளையளின்ர முகத்திலை நான் எப்பிடி அப்பா முழிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். இன்று மத்தியானம் திரும்பி வருகிறாள்.

அந்தப் பயத்தில், சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் சச்சிதானந்தன் தொங்கிப் பார்க்காத யூக்கலிப்டஸ் மரமே இல்லை. குளிருக்கு இலையெல்லாம் செருப்புத் தோலாய்த் தடித்திருந்தது. இளந்தளிர் தேடி அவர் கத்தரிக்கோலோடு அலைந்த அலைச்சலில், தெருவிலுள்ள வீட்டு நாய்கள் குரைத்துக் களைத்துப் பாவம் பார்க்கத் தொடங்கிவிட்டன. கொண்டுவந்து கழுவிக் குவித்த இலைகளின் மணத்தில் வீட்டுப் பக்கம் சளி, தடிமன் தலைவைத்தும் படுக்கவில்லை.

கேத்ரின் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகம் எந்தப் பக்கம் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"குளிருதாக்கும். கொஞ்சம் வெயில் காட்டுங்கோவன்," என்றாள் வைதேகி.

இலைக் கிளையை ஒரு ஜாடித் தண்ணீரில் நட்டு, கேத்ரினை அதில் ஏற்றி, பின்வளவு மேசையில் வைத்தார்.

அன்றைக்கு ஆடி அமாவாசையும்கூட. செத்துப்போன தகப்பனுக்குப் படைத்த சோறு, மரக்கறியை வாழையிலைத் துண்டில் எடுத்துவந்து, அதே மேசையில் வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டார். காகம் வாய் வைக்காமல் அவர் விரதம் முடிப்பதில்லை. ஆனால் சிட்னிக்கு வந்த நாளிலிருந்து ஒரு காகமும் அவர் சோற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் பீட்சாவுக்கு உலகப் போர் நடத்தும். இவர் கூப்பிட்டால் மட்டும் செவிடு.

"இஞ்சத்தைக் காகத்துக்குத் தமிழ் விளங்காதப்பா. நீங்கள் நிண்டா வராது. உள்ளை வாங்கோ," என்றாள் வைதேகி.

உள்ளே வந்து கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். ஒருபுறம் சாப்பிடாத பூச்சி, மறுபுறம் சாப்பிட வராத அப்பா. அவர் வயிறும் சேர்ந்து அழுதது.

சடசடவென்று சிறகடிப்பு.

"வைதேகி! ஓடி வா! அப்பா வந்திட்டார்!"

ஆட்டுக்குட்டி அளவில் ஒரு காகம் மேசையில் இறங்கியிருந்தது. சச்சிதானந்தன் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அது பறந்துகொண்டிருந்தது, அலகில் ஒரு சுள்ளியோடு.

"கூடு கட்டுது போல," என்றாள் வைதேகி.

"பின்னை? அப்பா இனி எங்களோடைதான்!"

அந்தச் சந்தோஷத்தில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கேத்ரினின் கவலைகூடச் சற்று மறந்துபோயிற்று.

யாமினி வந்து பையை இறக்கிவைக்கும் முன்பே கேட்டாள்: "அப்பா, கேத்ரின் ஓகேயா?"

"வெளியிலை வெயில் காயிறா. அதை விடு பிள்ளை, உன்ர அப்பப்பா வந்தவர்! மேசையிலை இறங்கி, வடிவாச் சாப்பிட்டுப் போட்டுப் போனவர்!"

யாமினி பின்வளவுக்கு ஓடினாள். பின்னாலேயே போன சச்சிதானந்தன் மேசையருகே அப்படியே நின்றுவிட்டார். வாழையிலையில் சோறு ஒரு பருக்கை குலையாமல் இருந்தது. ஜாடியில் கிளை மட்டும் தனியே நின்றது.

யாமினி வானத்தைப் பார்த்தாள். பிறகு, கலங்கிய கண்ணோடு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பப்பா சுத்த சைவம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"