ஒத்துக்கொள்ளாத ரத்தம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் சிக்கந்தர் வேர்த்து நிற்கிறான். மனைவி ஜெய்த்தூனுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கவென்றே துபாய் வேலையை விட்டு வந்தவன். இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்த முடிவைச் சென்னை ஆய்வகத்துப் பெண் சொல்கிறாள். "அவங்க ரத்தம் உங்க செல்லுங்களை அழிக்குது சார். உங்க மூணு பிள்ளைங்களைச் சுமந்தப்பவே அவங்க ரத்தத்துல உங்க செல்லுங்களுக்கு எதிரா ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பு, உண்டாயிருக்கு. உங்க கிட்னி சேராது." வெளியே அரியலூர் பஸ் உறுமுகிறது. சிமெண்டு பெஞ்சில் வீங்கிய கால்களை நீட்டி, முக்காட்டைப் பிடித்தபடி, ஜெய்த்தூன் அவன் உதடுகளையே பார்த்திருக்கிறாள். டயாலிசிஸ் ஊசி ஏறிய கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனை வைத்தாகிவிட்டது. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னும் யாரோ பேசுவதுபோல் அவன் தலையாட்டிக்கொண்டிருக்கிறான். கடைசியில் கதவைத் திறக்கிறான். வெயிலும் இரைச்சலும் முகத்தில் அடிக்கின்றன. "என்னங்க, சேருதாமா?" அவள் பெற்ற பிள்ளைகளால் வந்த தடை இது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "இல்ல ஜெய்த்தூனு. என் கிட்னியிலதான் ஏதோ கோளாறாம்" என்கிறான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் பதறி எழுகிறாள். "யா அல்லாஹ்! உங்களுக்கு என்னங்க செய்யுது?"